நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்: கார் இன்ஜினில் பொறி எப்போது வருகிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். 1985 முதல் 1993 வரை என்னிடம் எட்டாம் வகுப்பு அறிவியல் படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். 1994-இல் எட்டாம் வகுப்பு படித்தவர். அவருடைய அப்பா எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓட்டியவர். சாத்தூர் பக்கம் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, குற்றாலம் சீசன் எதுவானாலும் அந்த ஒரு கார்தான் அன்றைக்கு. அண்ணன் போன வருஷம் காலமாகிவிட்டார். கார் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. 1960களில் செய்த வண்டி.

"சார், அப்பாவுக்கு வருஷ திதி வருது. அன்னிக்கு ஒரு தடவை வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஊருக்குள்ள ஓட்டணும்னு அம்மா ஆசைப்படுறாங்க. பத்து நிமிஷம் நல்லா ஓடுது, சூடானதும் இருமி இருமி நின்னுடுது. ஆறினா மறுபடி ஓடுது. காயில் மாத்தியாச்சு, பிளக் மாத்தியாச்சு, கார்புரேட்டரைக் கழட்டி மாட்டியாச்சு. தம்பி பழைய இரும்புக்குப் போட்டுடலாம்ங்கிறான். நீங்க ஒரு தடவை வந்து பாருங்க சார்."

"தம்பி, நான் வாத்தியார். மெக்கானிக் இல்லையே" என்றேன்.

"எங்கப்பா உங்க கிளாஸ்ல வந்து செஞ்சு காட்டினாரே சார், அது உங்களுக்கு ஞாபகம் இருக்குமே" என்றார்.

எப்படி மறக்கும்? அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

1994-இல் மின்சாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இந்த மாணவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "சார், கார் பேட்டரி 12 வோல்ட்தான். கையால தொட்டாக்கூட ஷாக் அடிக்காது. அப்புறம் எப்படி சார் பிளக்ல பொறி வருது?" புத்தகத்தில் இல்லாத கேள்வி. நான் தயங்காமல் பதில் சொன்னேன்: "காயில் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் கரண்ட் பாய்ந்ததும் அது பல மடங்கு பெரிதாகிறது. சுவிட்சை இணைத்ததும் பொறி வருகிறது." அதற்கு முந்தைய வருஷங்களிலும் இதே கேள்வி வந்ததுண்டு. இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்.

பையன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். மறுநாள் சாயங்காலம் டீக்கடையில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீங்க. இணைக்கும்போது பொறி வராது. பிரிக்கும்போதுதான் வரும்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவன். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோது அவர் சொன்னதே சரி என்று தெரிந்தது. இது ஏன் சரி என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1831 ஆகஸ்ட் 29. லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் ஒரு பக்கம் ஒரு கம்பிச் சுருளும், எதிர்ப்பக்கம் இன்னொரு சுருளும் சுற்றினார். ஒன்றில் பேட்டரி, மற்றொன்றில் மின்சாரம் வந்தால் அசைந்து காட்டும் முள். பேட்டரியை இணைத்த கணத்தில் முள் துள்ளியது. பிறகு கரண்ட் பாய்ந்துகொண்டே இருந்தும் முள் அசையவில்லை. பேட்டரியைப் பிரித்த கணத்தில் மறுபடி எதிர்த்திசையில் துள்ளியது. காந்தப்புலம் இருப்பதால் மட்டும் மின்சாரம் பிறப்பதில்லை, அது மாற வேண்டும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அதிகமாக வோல்ட் கிடைக்கும்.

இதில்தான் சூட்சுமம். சுருளில் கரண்ட் ஏறும்போது மெதுவாகத்தான் ஏறும், சுருளே அதைத் தடுக்கும். ஆனால் சுற்றை வெட்டினால் காந்தப்புலம் சட்டென்று சரியும். ஏறுவது மாடிப்படி ஏறுவது போல, இறங்குவது மாடியிலிருந்து விழுவது போல. அடி படுவது விழும்போதுதானே!

1836-இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பாதிரியாராகவும் பேராசிரியராகவும் இருந்த நிக்கலஸ் காலன், சில சுற்றுத் தடித்த கம்பிக்கு மேல் மிக நீளமான மெல்லிய கம்பியைச் சுற்றி, கரண்டை வெட்டி வெட்டி விட்டு, பெரிய அதிர்ச்சி தரும் காயிலைச் செய்தார். பிறகு பாரிஸில் ரூம்கோர்ஃப் என்பவர் அதை இன்னும் சிறப்பாகச் செய்து விற்றார். ஒரு தொல்லை மட்டும் இருந்தது. சுற்றை வெட்டும் இடத்திலேயே தீப்பொறி பறந்தது. கரண்ட் நிற்க மனமில்லாமல் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாய்ந்தது. அதனால் வெட்டு சுத்தமாக விழவில்லை. 1853-இல் ஃபிசோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதற்கு வழி சொன்னார்: வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டன்சரை இணையுங்கள். தாண்டப் பார்க்கும் கரண்ட் அந்தக் கண்டன்சருக்குள் ஒரு கணம் ஒதுங்கிக்கொள்ளும், வெட்டு சுத்தமாக விழும். இந்தக் கண்டன்சரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கொட்டகைக் கதைக்கு அதுதான் முக்கியம்.

1860-இல் லெனுவார் செய்த வாயு இன்ஜினில் ரூம்கோர்ஃப் காயில்தான் பொறி கொடுத்தது. 1886-இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியிலும் பேட்டரியும் காயிலும்தான். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவருக்குச் சொல்லாமலேயே இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, சுமார் 100 கிலோமீட்டர், தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அதுதான். வழியில் பொறிக்கான வயரின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தது. அந்த அம்மா தன் காலுறைப் பட்டியைக் கழற்றி அதைச் சுற்றிக் கட்டிவிட்டு வண்டியை ஓட்டினார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். ஆகவே, நடுவழியில் இக்னிஷன் வயர் கோளாறு என்பது காருக்கு நேற்று வந்த வியாதி இல்லை. கூடவே பிறந்தது.

அடுத்து ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் மேக்னெட்டோ வந்தது. பேட்டரியே வேண்டாம், இன்ஜின் சுழற்சியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 1902-இல் பாஷிடம் வேலை பார்த்த கோட்லோப் ஹோனோல்ட் அதை உயர் வோல்ட்டுக்குக் கொண்டுவந்தார். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் நான்கு சிலிண்டருக்கு நான்கு அதிர்வுக் காயில்கள். நம் பள்ளிக்கூட மின்மணியின் சுத்தி எப்படி டிரிங் என்று தானே இணைத்துத் தானே பிரித்து அடித்துக்கொண்டே இருக்குமோ, அதே மாதிரி. ஒரு பொறி போதுமான இடத்தில் பொறிகள் வரிசையாக விழும். உலர் பேட்டரியில் இப்படி ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும்.

இந்த இடத்தில்தான் நம்ம ஆள் ஒருவர் வருகிறார். நம்ம ஆள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவரும் வாத்தியார். சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1876-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த நாள் ஆகஸ்ட் 29, ஃபாரடே பரிசோதனை செய்த அதே தேதி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிக்கொடுத்தார். கண் பார்வைக் கோளாறால் கல்லூரிப் படிப்பு தடைப்பட்டது. டெலிபோன் கம்பம் நடும் கூட்டத்தோடு வேலை பார்த்தார். பிறகு மறுபடி கல்லூரிக்குப் போய் 1904-இல்தான் மின் பொறியியல் பட்டம் வாங்கினார். டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை. கையால் சுற்றிய கல்லாப்பெட்டியை மின்சார மோட்டாரால் ஓட வைத்தவர் அவர்தான்.

வேலை நேரம் போக மீதி நேரத்தில், நண்பர் எட்வர்ட் டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் கார் இக்னிஷனை ஆராய்ந்தார். அவர் யோசித்தது இதுதான்: வரிசையாகப் பொறி எதற்கு? சரியான நேரத்தில் சுற்றை ஒரே ஒரு முறை சுத்தமாக வெட்டினால் ஒரே ஒரு நல்ல பொறி போதுமே. பேட்டரியும் மிச்சமாகும். 1909-இல் டெல்கோ கம்பெனி தொடங்கியது. 1910 மாடல் கேடிலாக் கார்களில் அவருடைய இக்னிஷன் ஏறியது. 1912 மாடலில் கேடிலாக்குக்கு மின்சார ஸ்டார்ட்டரும் வந்தது. அதற்கு முன் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். பொறி முந்தி வந்துவிட்டால் ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும்.

அதற்குப் பிறகு அறுபது வருஷம் போல, உலகத்துப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை கெட்டரிங் வகை இக்னிஷனில்தான் ஓடின. நம் நாட்டில் 1950களின் இறுதியில் தொடங்கிய அம்பாசிடரும் அப்படித்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட், பக்கத்தில் கண்டன்சர், வெளியே காயில். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால், பாயிண்ட் ஒரு வினாடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். திறக்கும் இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்குள்தான். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பத்துப் பதினைந்தாயிரம் வோல்ட் பிறக்கிறது. 1970களில் எலக்ட்ரானிக் முறை வந்தபிறகு பாயிண்ட் மெல்ல மெல்ல ஓய்வு பெற்றது. ஆனால் இன்றைய கார்களிலும் பொறி வருவது காயிலில் கரண்டை வெட்டும்போதுதான். வெட்டும் கை மட்டும் மாறியிருக்கிறது.

இனி 1994-க்கு வருகிறேன். டீக்கடையில் அண்ணன் சொன்னதைக் கேட்டபிறகு, "அண்ணே, நீங்களே வகுப்புக்கு வந்து செஞ்சு காட்ட முடியுமா?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை வந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை. ஒரு கையில் பேட்டரி, இன்னொரு கையில் சாக்குப்பையில் பழைய காயில், பாயிண்ட், கண்டன்சர், ஒரு பிளக்.

மேசையில் எல்லாவற்றையும் இணைத்தார். பாயிண்டை மூடினார். பிளக்கில் ஒன்றும் இல்லை. விரலால் பாயிண்டைத் திறந்தார். டப்! நீலப் பொறி. பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு கண்டன்சர் வயரை மட்டும் கழற்றிவிட்டுத் திறந்தார். பாயிண்டில் பெரிய நெருப்பு பறந்தது. பிளக்கில் மஞ்சளாக, சோகையாக ஒரு பொறி வந்தும் வராமலும் போனது. "பார்த்தீங்களா தம்பிகளா, நெருப்பு வர வேண்டிய இடத்துல வராம, வரக்கூடாத இடத்துல வருது. இப்படியே ஓட்டினா பாயிண்ட் கருகிடும்" என்றார்.

ஒரு பிள்ளை கேட்டது: "சார் இணைக்கும்போதுன்னு சொன்னாங்களே?" நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார்: "சார் சொன்னதைத்தான் நான் செஞ்சு காட்டுறேன். நீ சரியா கேட்டிருக்க மாட்ட."

நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்தது. அது சரியாகத்தான் கேட்டிருந்தது. தப்பு என்னுடையது. அண்ணன் என் மரியாதையைக் காப்பாற்றினார். நான் அந்தப் பிள்ளையின் மரியாதையைக் காப்பாற்றவில்லை. இன்றைக்கு வரை உறுத்துகிறது.

சரி, கொட்டகைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மாணவருடைய அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "வாத்தியாரய்யா, அந்த வண்டி சத்தம் தெருமுனையில கேட்டாத்தான் நான் உலை வைப்பேன். ஒரு தடவை கேட்டா போதும்யா" என்றார்கள். நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதையே பிடித்துக்கொண்டேன். மின்சாரம் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியாக நாமும் நடக்க வேண்டும். நடுவில் எதையும் தாண்டக்கூடாது.

முதலில் பேட்டரி. முனைகளில் பூத்திருந்த உப்பைச் சுரண்டி இறுக்கினோம். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைச் சுத்தம் செய்தோம். அடுத்து காயிலின் சுவிட்ச் முனையில் டெஸ்ட் லாம்ப். சாவி போட்டதும் எரிந்தது, சுவிட்ச் வரை சரி. அடுத்து காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனை. செல்ஃப் அடித்தபோது லாம்ப் மினுக் மினுக் என்று எரிந்து அணைந்தது. பாயிண்ட் திறந்து மூடுகிறது என்று அர்த்தம். எப்போதும் எரிந்தால் பாயிண்ட் ஒட்டவில்லை. எரியவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது வயரோ கண்டன்சரோ எர்த் ஆகியிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கீறல் இல்லை. நடுவிலுள்ள கார்பனும் ரோட்டாரும் நன்றாக இருந்தன.

எல்லாம் சரி. ஸ்டார்ட் செய்தோம், ஓடியது. காத்திருந்தோம். பன்னிரண்டாவது நிமிஷத்தில் இருமி நின்றது. ஆறவிடாமல் உடனே ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, இன்ஜின் உடம்பில் படுகிற மாதிரி வைத்து, செல்ஃப் அடித்துப் பார்த்தோம். (அதைக் கையில் பிடிக்காதீர்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள்.) பொறி மஞ்சளாக, சோகையாக வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், இரண்டு வாரத்துக்கு முன் போட்ட புதுப் பாயிண்டில் நீலம் பாரித்துக் கருகல், ஒரு பக்கம் குழி.

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேர் மனதிலும் அதே 1994 வெள்ளிக்கிழமைதான்.

"கண்டன்சர், தம்பி."

"புதுசு சார் அது! பாயிண்டோட சேர்த்து வாங்கினேன்."

புதுசு என்றால் நல்லது என்று யார் சொன்னது? கண்டன்சருக்குள் உலோகத் தாளும் காப்புத் தாளும் சுருட்டி வைத்திருக்கும். காப்பு சரியில்லை என்றால், ஆறியிருக்கும்போது தாங்கும், இன்ஜின் சூட்டில் கசிய ஆரம்பிக்கும். அதனால்தான் பத்து நிமிஷக் கணக்கு. எல்லோரும் பெரிய பொருளையே சந்தேகப்பட்டார்கள். கட்டைவிரல் அளவுப் பொருளை, புதுசு என்பதால், யாரும் சந்தேகப்படவில்லை.

அண்ணன் உதிரி பாகங்கள் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவில், எண்ணெய்த் தாளில் சுற்றி இரண்டு பழைய கண்டன்சர்கள் இருந்தன. ஒன்றை மாட்டினோம். பாயிண்டை அரத்தால் தேய்த்து, இடைவெளி பார்த்து வைத்தோம். ஸ்டார்ட் செய்தோம். பதினைந்து நிமிஷம், அரை மணி, முக்கால் மணி. நிற்கவில்லை. பிளக்கில் பொறி நீலமாக இருந்தது.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போனார்கள். அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. அன்று மத்தியானம் எனக்கு அங்கேதான் சாப்பாடு.

வருஷ திதியன்று வண்டி ஊரைச் சுற்றி வந்தது. இரும்புக்குப் போடுவதாகச் சொன்ன தம்பிதான் ஓட்டினார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஊகித்துப் பொருளை மாற்றாதீர்கள். பேட்டரியிலிருந்து பிளக் வரை வரிசையாக வாருங்கள். கோளாறு வரும் நேரத்தில், அந்தச் சூட்டிலேயே சோதியுங்கள். புதுப் பொருளையும் சோதியுங்கள்.

இப்போது என் திருத்தம். 1985 முதல் 1993 வரை படித்தவர்களே, "இணைக்கும்போது பொறி வரும்" என்று உங்கள் நோட்டில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். பிரிக்கும்போதுதான் வரும். 1994 வகுப்பில், "சார் இணைக்கும்போதுன்னு சொன்னாங்களே" என்று கேட்டுத் தலை குனிந்து உட்கார்ந்த பிள்ளை இதைப் படித்தால்: நீ சரியாகத்தான் கேட்டாய் அம்மா. சார்தான் தப்பாகச் சொன்னேன். மன்னித்துக்கொள்.

அனைவருக்கும் என் ஆசிகள்.